தண்ணீர் ஓடாத பாலம்

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் யாரும் அச்சில் போடமாட்டார்கள் என்று திருத்தி எழுதுகிறாள். வசவு வருகிற இடங்களில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஆகவே, ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எங்கெல்லாம் பேச்சு அமைதியாக இருக்கிறதோ, அங்கெல்லாம் நான் அமைதியாக இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் நான் ரோட்டு வேலைக் கேங்கில் இருந்தேன். குழி அடைப்பது, புல் செதுக்குவது, கல்லுக்கு வர்ணம் அடிப்பது எல்லாம் நாலு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. ஒருநாள் நான் என் வாயால் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அந்த வார்த்தை, பாலம்.

ஒத்தக்கடையில் இருந்து வயற்காட்டுப் பக்கமாகப் பிரிந்து போகிற கிளைச் சாலை ஒன்று இருக்கிறது. இப்போது அதில் இரண்டு பக்கமும் வீட்டுமனைக் கொடி பறக்கிறது, காலேஜ் பஸ் ஓடுகிறது. அப்போது வயலும் கருவேலமும்தான். அந்தச் சாலை ஒரு வளைவில் திரும்புகிற இடத்தில், ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கப் போட்டிருக்கும், தோள் உயரத்துக்கு. தலையில் பாரத்தோடு வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் பாரத்தை அதில் இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைக்கிற கல் அது. வயிற்றுப் பாரத்தை இறக்காமல் போனவளுக்காக, ஊரார் தலைப் பாரத்தை இறக்க ஒரு இடம். பக்கத்துக் காலனி ஜனங்கள் அதைப் புள்ளத்தாச்சி கல்லு என்பார்கள். யார் அந்தப் புள்ளத்தாச்சி என்று கேட்டால் தெரியாது. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வாய்வழியாக வந்த பெயர் ஏதோ ஒரு தலைமுறையில் நின்றுபோய்விட்டது.

எங்கள் மேஸ்திரி நல்ல மனிதர். பெயர் சொல்ல மாட்டேன், செத்துப்போய்விட்டார். திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒருமுறை கிலோமீட்டர் கல் ஒன்றுக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். அரசாங்கக் கல்தான், நாங்களே நட்டதுதான். நான் பிரஷ்ஷை எடுத்தேன். மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு மாப்ள. பொட்டு இருக்குல்ல?"

"நாம நட்ட கல்லுண்ணே இது."

"நட்டது நாம. கும்புடுறது அவுக. பொட்டு வச்ச கல்லக் கேக்காமத் தொடாத."

அன்றைக்கு அந்தத் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டுவிட்டுத்தான் வர்ணம் அடித்தோம். பொட்டைச் சுற்றி ரூபாய்க் காசு அகலத்துக்கு இடம் விட்டு அடித்தோம். அந்தப் புத்தி அவரிடம் இருந்தது. ஆனால் அந்தப் புத்தியில் ஒரு ஓட்டையும் இருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. பொட்டு இருந்தால் கேள் என்றார். பொட்டு இல்லாத கல்லை யார் கேட்பது?

ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் அந்தக் கிளைச் சாலையைப் பார்க்க வருகிறார் என்றார்கள். ரோட்டோரத்தில் வண்டி முட்டுகிற மாதிரி இருக்கிற மரம், பாலச்சுவர், தூண், எல்லாவற்றுக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. பாலம் என்றால் உங்களுக்குத் தெரியும், ரோட்டுக்குக் குறுக்கே வாய்க்கால் போகிற சின்னக் குழாய்ப் பாலம். அதன் சுவரில் நம்பர் எழுத வேண்டும். நான் பட்டை அடித்துக்கொண்டே போனேன். மேஸ்திரி பின்னால் நம்பர் எழுதிக்கொண்டே வந்தார். அவருக்கு எண் வரும், எழுத்து வராது.

சுமைதாங்கிக்கு வந்தோம். முந்தின வாரம் பெய்த மழையில் காலனிப் பெண்கள் வைத்த பொட்டு கரைந்து போயிருந்தது. மேல் கல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, பாசிக்கு அடியில் வரிவரியாக ஏதோ தட்டுப்பட்டது.

"அண்ணே, எழுத்து மாதிரி இருக்குண்ணே."

"பழங்காலத்துக் கிறுக்கலு. பொட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அடி மாப்ள. வெயிலு ஏறுது."

அடித்தேன். என் பின்னாலேயே வந்தவர், கை வேகத்தில், பாலச்சுவருக்கு எழுதுகிற மாதிரி அதிலும் நம்பர் எழுதிவிட்டார். 14/2. எழுதி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம். மேஸ்திரி சிரித்துவிட்டார். "போகட்டும்டா, பெறகு அழிச்சுக்கிருவோம்" என்றார். மறுநாள் ஆபீஸில் இருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து, சுவரில் இருந்த நம்பர்களை எல்லாம் பார்த்து ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். புள்ளத்தாச்சி கல் ஆபீஸ் கணக்கில் பாலம் ஆகிவிட்டது.

வாய்க்காலே இல்லாத இடத்தில் ஒரு பாலம். அதற்கு வருடா வருடம் மழைக்கு முன்னால் தூர் வாரியதாக ரெஜிஸ்டரில் எழுதினார்கள். அடைப்பு இல்லை, தண்ணீர் சரளமாகப் போகிறது என்று எழுதினார்கள். நாங்கள் கேங்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்தோம் என்று சொல்ல இப்போது கூசுகிறது.

பதினெட்டு வருடம் நான்தான் அதற்குப் பட்டை அடித்தேன். புது வர்ணம் அடிப்பதற்கு முன்னால் பழைய பொருக்கைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது, எழுத்துக் குழிக்குள் இருக்கிற வர்ணம் சுலபத்தில் வராது. ஆணியால் ஒவ்வொரு குழியாக நோண்டி எடுத்தேன். எடுக்காவிட்டால் புது வர்ணம் கொப்பளித்து உரியும். வேலை சுத்தத்துக்காகச் செய்தது, வேறு எதற்கும் இல்லை. ஆனால் வருடா வருடம் நோண்டினால் கைக்குப் பழகாமல் இருக்குமா? குறுக்கே கம்பி போட்ட மாதிரி ஒரு எழுத்து, அது மட்டும் ஏழு இடத்தில் வரும். முதல் எழுத்துக்குக் கீழே வால் சுருண்டிருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எப்படி எழுதியிருக்கிறது என்று தெரியும்.

சாலையை அகலப்படுத்த வந்தார்கள். அப்போது எங்களுக்கு இருந்தவர் சின்ன வயசு இன்ஜினீயர், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். ரெஜிஸ்டரைப் பார்த்து, இடிக்க வேண்டிய பழைய பாலங்கள் என்று பட்டியல் போட்டிருந்தார். அதில் 14/2 இருந்தது. ஜேசிபி வந்து வளைவில் நின்றது. களை எடுத்துக்கொண்டிருந்த காலனிப் பெண்கள் வயலில் இருந்து சேற்றுக் காலோடு ஏறி வந்து கல்லைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அது எங்க ஆளுக வச்ச கல்லுய்யா. தள்ளி வேணும்னா நட்டு வைங்க. இடிக்காதீக."

"ஒங்க ஆளுங்க வச்சதுக்கு ரெக்கார்டு இருக்காம்மா?" என்றார் இன்ஜினீயர். "என் ரெக்கார்டுல இது பாலம்."

"பாலமா? தண்ணி எங்கிட்டு ஓடுது? ஒங்க வாயிலயா?" என்றாள் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினீயருக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"யோவ், நீதான இம்புட்டு வருசமா இதுக்குப் பெயின்ட் அடிக்கிற? நீ சொல்லு. இது பாலமா, இல்லையா?"

ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். "நீ தொட்டுத் தொட்டுத் தொடச்ச கல்லுய்யா. உள்ளதச் சொல்லு."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருந்தது. அந்த நம்பர் அவர் கையெழுத்து. தப்பு என்று தெரிந்தால் விசாரணை வரும், அவருக்கு வரவேண்டியதெல்லாம் நின்றுபோகும் என்று எனக்குப் பட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் பட்டை அடித்தவன் நான்தானே, எனக்கும் வருமே என்ற பயமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"பாலம்தான் சார்" என்றேன்.

கிழவி கையை எடுத்துக்கொண்டாள். ஜேசிபியின் மண்வாரி இறங்கியது. மேல் கல் இரண்டாக உடைந்து, எழுத்துப் பக்கம் கீழே விழுந்தது. அதையே அடித்தளத்துக்கு ஜல்லியோடு போட்டு ரோலரை ஏற்றினார்கள். ரோலருக்கு முன்னால் மண் தூவியது நான்.

அன்றைக்குச் சாயந்தரம் மேஸ்திரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலையெல்லாம் போட்டு முடிந்த பிறகு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, நீ அன்னைக்கு உள்ளதச் சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்டா" என்றார். என் மகள் இங்கே பேனாவை நிறுத்திவிட்டாள். அவர் அதை அன்றைக்குக் கண்ணாலேயாவது சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மாலையோடு வந்து அதைச் சொன்னார். நல்லவர்தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்தான். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தம்பிகளா, உங்களோடு நிற்கிறவரைக் காப்பாற்றப் பொய் சொல்லப் போகிறோம் என்று நினைக்கிற நேரத்தில், அவர் அதைக் கேட்டாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் கேட்கவில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

சமீபத்தில் அந்த வளைவில் ஒரு நீலப் பலகை வைத்தார்கள். பழைய சின்னங்கள் இருந்த இடங்களில் எல்லாம் ரோட்டோரம் பலகை வைக்கிறார்கள் அல்லவா, அது. காலனியைச் சேர்ந்த ஒரு டீச்சர், காளவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், விசாரித்து விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு என் கையைப் பிடித்த கிழவியின் பேத்தி. பலகையில் இருப்பதைப் படித்துக் காட்டினார். "இவ்விடத்தில் பழங்காலச் சுமைதாங்கி இருந்தது. வழிப்போக்கர் நலன் கருதிப் பெரிய பண்ணைக் குடும்பத்தார் அமைத்தது."

"பண்ணை வீட்டுல யாராவது தலையில சொமந்தாங்களாய்யா? எங்க அப்பத்தா சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நம்ம ஆளுக வச்சதுன்னு. ஆபீஸ்ல ஆதாரம் கேக்குறாங்க. அந்தக் கல்லப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"எழுத்து இருந்துச்சும்மா" என்றேன். பதினெட்டு வருடமும் அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அன்றைக்குப் பாலம் என்றவன் நான்தான் என்பதையும் சொன்னேன். டீச்சர் எழுந்துவிட்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஒங்க மேல வர்ற கோவத்த நான் பெறகு பாத்துக்கிறேன். நாளைக்கு ஆபீசுக்கு வாரீங்களா?"

"வாரேன்."

ஆபீஸில் உட்கார்ந்திருந்தது அதே இன்ஜினீயர். இப்போது பெரிய நாற்காலி, நரைத்த மீசை. நான் யார் என்று சொன்னேன். பாலம் என்று சொன்னதைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நினைத்த நாள், அவர் மண்டையில் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.

"ரெஜிஸ்டர்ல பாலம்னு இருக்கே பெரியவரே. பாலத்துல எப்படி எழுத்து இருக்கும்?"

டீச்சர் விடவில்லை. "போர்டுல சுமைதாங்கின்னு நீங்களே போட்டிருக்கீங்க. ரெஜிஸ்டர்ல பாலம்னு வச்சிருக்கீங்க. ரெண்டுல எது பொய் சார்?"

"போர்டு வேற செக்ஷன் டீச்சர். ரெஜிஸ்டர் வேற செக்ஷன்."

"கல்லு ஒண்ணுதான சார்?"

"ஒரு கைநாட்டு ஆளு சொல்றத வச்சு நான் என்ன பண்ண முடியும்?"

நான் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டேன். பேனா எனக்குப் பிடிக்க வராது, ஆணி பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, இடது பக்கத்தில் இருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு குழியாக வரைந்தேன். அவர் நடுவில் போன் பேசினார், டீ குடித்தார். எனக்கு வேர்த்து ஊற்றியது. முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்தேன். டீச்சர் எடுத்துப் படித்தார். முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு சத்தமாகப் படித்தார்.

"மூக்காயி பாரம் எறக்க, கூட நாத்து சுமந்தவக வச்ச கல்லு."

அன்றைக்குத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மூக்காயி. நாற்றுக்கட்டுச் சுமந்த பொம்பளை. அவளோடு சுமந்தவர்கள் சேர்ந்து வைத்த கல். அதன் மேல் பதினெட்டு முறை பட்டை அடித்திருக்கிறேன்.

"சுமந்தவகன்னு இருக்கு சார்" என்றார் டீச்சர். "எங்க வீட்டுப் பேச்சு இது. எந்தப் பண்ணை இப்படிக் கல்லு வெட்டும்? படிச்சவரா இருந்தா புளுகுறாருன்னு சொல்லலாம். இவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்துல எப்படி சார் பொய் எழுத முடியும்?"

இன்ஜினீயர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். புரிந்தது அவருக்கு. புரிந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை.

"சரி. பண்ணைன்னு இருக்குற வரி தகராறா இருக்குன்னு அத எடுத்துரச் சொல்றேன்."

"மூக்காயி பேரு?"

"அதுக்கு மேல இருந்து உத்தரவு வரணும்."

பொய்யை அழிக்க உத்தரவு வேண்டாமாம். உண்மையை எழுதத்தான் வேண்டுமாம்.

பத்து நாள் கழித்து நான் பஸ்ஸில் அந்த வளைவைக் கடந்தபோது, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், பலகை முன்னால் ஸ்டூலில் நின்று நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். உங்களில் ஒருத்தி. புருஷன் இறந்த பிறகு அவன் வேலைக்கு வந்தவள் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன்.

"என்னத்தம்மா அடிக்கிற?"

"ரெண்டாவது வரிய அழிக்கச் சொன்னாங்க பெரியப்பா. மூணு மணிக்குப் பெரிய சார் போட்டோ எடுக்க வாராராம்."

"என்ன வரின்னு படிச்சியா?"

"இல்லையே."

"எம்புட்டுப் படிச்சிருக்க?"

"பன்னெண்டாவது."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். நடுரோட்டில் நின்று கத்தினேன். "நான் தற்குறி, தெரியாம அடிச்சேன். நீ பன்னெண்டாவது படிச்சுப்பிட்டுப் பாக்காம அடிக்கிறியேடி!" அவள் ஸ்டூலில் இருந்து இறங்கிவிட்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"கத்தாதீக. சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முழுதும் சொன்னேன், பாலம் என்று சொன்னது உட்பட. அவள் கேட்டுவிட்டு, நான் கேட்காமலேயே தள்ளுவண்டியில் இருந்து கிலோமீட்டர் கல்லுக்கு வைத்திருந்த வெள்ளை வர்ண டப்பாவையும் சின்ன பிரஷ்ஷையும் எடுத்து வந்தாள். அவள் அடித்த நீலம் பலகையின் அடிப்பக்கத்தில் ஈரமாக இருந்தது. அதற்கு மேலே, காய்ந்த இடத்தில், முதல் வரிக்குக் கீழே ஒரு முழம் இடம் இருந்தது. ஸ்டூலில் ஏறினேன். வால் சுருண்ட எழுத்தில் இருந்து ஆரம்பித்தேன்.

"மூ..." என்று அவள் கீழே இருந்து படித்தாள். "மூக்கா... மூக்காயி..."

ஒரு டிப்பர் லாரி போனது. புழுதி கிளம்பி ஈர வர்ணத்தில் அப்பியது. துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அடுத்த லாரி. அவள் வண்டியில் இருந்து சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, ஹாரன் அடித்தார்கள். "என்னம்மா வேலை நடக்குது?" என்று ஒருவன் கேட்டான். "பெயின்ட் காயணும்" என்றாள்.

கடைசி இரண்டு எழுத்து பாக்கி இருக்கும்போது, வரிசையைத் தாண்டி வலது பக்கமாக ஏறி வந்தது ஆபீஸ் ஜீப். முன்சீட்டில் இன்ஜினீயர். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கொடியை இறக்கு என்று கையைக் காட்டினார்.

நான் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கொடி இறங்கவில்லை.